பேச்சு கிடைத்துவிட்டது, அதன் பின்னால் இருந்த தாள் எங்கே?

அமெரிக்க அதிபர் ஒருவர் எப்போதோ பேசியதைத் தேடிப் பிடிப்பது இன்று ஒரு வேலையே இல்லை. ஆளின் பெயர், ஆண்டு, ஞாபகத்தில் தங்கிய இரண்டு சொற்கள் போதும். முழு உரையும் திரையில் வந்து நிற்கும். அரசியல் அறிவியலிலோ வரலாற்றிலோ ஆய்வு செய்யும் மாணவர் அதை நகலெடுத்துக்கொள்வார், நாலு மேற்கோள் பிடிப்பார், அதிபரின் கொள்கை இன்னது என்று ஒரு அத்தியாயம் எழுதிவிடுவார். இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு அடிப்படையான மறுப்பு உண்டு. அதிபர் ஆவணங்களில் எவை எளிதாகக் கிடைக்கின்றனவோ, அவை கிடைக்கவேண்டும் என்று அதிபரின் அலுவலகமே விரும்பியவை. அச்சடித்து, ஒலிபரப்பி, பத்திரிகையாளர் கையில் கொடுத்து அனுப்பியவை. முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யார் எதிர்த்தார்கள், எந்த யோசனை தள்ளுபடியானது என்பதைச் சொல்லும் தாள்களோ கேட்டுப் பெறவேண்டியவை, சில சமயம் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்து பெறவேண்டியவை. முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் ஆய்வு ஓர் அரசின் விளம்பரத்தைப் பற்றிய ஆய்வு. அதுவும் செய்யத் தகுந்த வேலைதான். ஆனால் கொள்கையைப் பற்றிய ஆய்வு என்று அதற்குத் தலைப்பு வைக்கக் கூடாது.

முதலில் எளிதாகக் கிடைக்கும் பக்கத்தைப் பார்த்துவிடலாம், அங்கேயே கவனிக்க நிறைய இருக்கிறது. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ‘அமெரிக்கன் பிரெசிடென்சி ப்ராஜெக்ட்’ 1999-இல் தொடங்கியது. ஜான் வூலி, கெர்ஹார்ட் பீட்டர்ஸ் இருவரும் கட்டியெழுப்பிய தளம். வாஷிங்டன் முதல் இன்றைய அதிபர் வரை உரைகள், பிரகடனங்கள், நிர்வாக ஆணைகள், செய்தியாளர் சந்திப்புகள் எல்லாம் ஒரே தேடல் பெட்டிக்குள், காசு வாங்காமல் கிடைக்கின்றன. அரசின் அதிகாரபூர்வத் தொகுப்பு ‘பப்ளிக் பேப்பர்ஸ் ஆஃப் தி பிரெசிடென்ட்ஸ்’. 1957-இல் முடிவெடுத்துத் தொடங்கிய வரிசை இது. அதற்குத் துணையாக 1965 முதல் வாராந்தரத் தொகுப்பு ஒன்று வந்தது, 2009 முதல் அது தினசரித் தொகுப்பாகிவிட்டது. அதற்கும் முந்தைய காலத்துக்கு டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1890-களின் பிற்பகுதியில் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த ‘மெசேஜஸ் அண்ட் பேப்பர்ஸ்’ இருக்கிறது. இந்த வரிசையில் ஒரு இடைவெளி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஹூவருக்கு அரசுத் தொகுதிகள் இருக்கின்றன, ட்ரூமன் முதல் தொடர்ச்சியாக இருக்கின்றன, நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இல்லை. அவருடைய உரைகள் ஏற்கெனவே தனியாக அச்சாகிவிட்டன என்பதால் அரசு அதைத் தொடவில்லை. அந்தத் தனிப் பதிப்பின் ஆசிரியர் சாமுவேல் ரோசன்மன். ரூஸ்வெல்ட்டுக்கு உரை எழுதிக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். எழுதிக்கொடுத்தவரே தொகுப்பாசிரியராகவும் உட்கார்ந்த பதிப்பு அது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த ஒரு விவரத்தையாவது அடிக்குறிப்பில் சொல்லவேண்டாமா?

உரை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்த உரை என்ற கேள்வி அப்புறமும் மிச்சமிருக்கிறது. பேசுவதற்கு முன்பே செய்தியாளர்களுக்குக் கொடுக்கும் படி ஒன்று, மேடையில் வாயிலிருந்து வந்தது இன்னொன்று. ‘பப்ளிக் பேப்பர்ஸ்’ பதிப்பாளர்கள் பேச்சுகளை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள் என்பது அந்த வரிசையின் பெரிய பலம். அடுத்த நாள் செய்தித்தாளிலிருந்து எடுத்த படிக்கு அந்தப் பலம் கிடையாது. சில உரைகள் பேசப்படவே இல்லை. வாஷிங்டனின் புகழ்பெற்ற விடைபெறும் உரை 1796 செப்டம்பர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்றில் அச்சானது, அவர் அதை எந்தக் கூட்டத்திலும் வாசிக்கவில்லை. கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் பேசவிருந்த உரை பேசப்படாமலேயே ஆவணமாகிவிட்டது. 1969-இல் நிலவில் இறங்கிய இருவரும் திரும்ப முடியாமல் போனால் நிக்சன் வாசிப்பதற்காக அவருக்கு உரை எழுதிக்கொடுத்த வில்லியம் சஃபையர் எழுதிவைத்த குறிப்பு காப்பகத்தில் இருக்கிறது. இன்று இணையத்தில் அதை நிக்சனின் உரை என்றே பகிர்கிறார்கள்.

ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு அளிக்கும் நாட்டின் நிலை பற்றிய அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், கணினியால் சொற்களை எண்ணி ஆய்வு செய்பவர்களுக்கு மிகப் பிடித்த தரவு அதுதான். வாஷிங்டனும் ஆடம்ஸும் நேரில் போய் வாசித்தார்கள். 1801-இல் ஜெஃபர்சன் அந்த வழக்கத்தை நிறுத்தி எழுத்தில் அனுப்பினார். 1913-இல் வில்சன் நேரில் பேசும்வரை நூற்றுப் பத்தாண்டுகளுக்கு மேல் அது எழுத்தாகவே இருந்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகளில் எழுத்து வடிவம் திரும்பி வந்திருக்கிறது. 1981-இல் பதவியை விட்டுப் போகும் நேரத்தில் கார்ட்டர் அனுப்பிய எழுத்து அறிக்கை 33 ஆயிரம் சொற்களைத் தாண்டுகிறது. வாஷிங்டன் 1790-இல் வாசித்த முதல் அறிக்கையோ ஆயிரத்துச் சொச்சம் சொற்கள்தான். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தலைப்பின் கீழ், ஒரே எழுத்துருவில் இருக்கின்றன. அதிபர்களின் மொழி காலப்போக்கில் எளிமையாகிவிட்டது, வாக்கியங்கள் குறுகிவிட்டன என்று வரைபடம் போட்டுக் காட்டுபவர்கள், தங்கள் வரைபடத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, காலத்தின் வித்தியாசம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டவேண்டும். எல்லாம் ஒரே தேடல் பெட்டியில் கிடைக்கிறது என்ற சௌகரியம் அந்தக் கேள்வியைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். அதிபரின் பொதுச் சொல்லே ஒரு செயல்தானே? அவர் கையெழுத்திட்டு வெளியிடும் ஆணைக்குச் சட்ட பலம் உண்டு, அதன் பின்னால் யார் என்ன முணுமுணுத்தார்கள் என்பது யாருக்கு வேண்டும்? ஆணைகளைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். 1936 மார்ச்சில் தொடங்கிய ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்ற அரசிதழில் வந்த வாசகம்தான் வாசகம். ஒரு நீதிபதிக்கு அதற்கு முந்தைய வரைவு தேவையில்லை. ஆனால் ஆணைகளின் வரிசையும் முழுமையானது என்று நினைத்துவிடக் கூடாது. ஆணைகளுக்கு எண் போடும் வேலையை வெளியுறவுத் துறை 1907-இல்தான் தொடங்கியது. பின்னோக்கிப் போய், லிங்கன் காலத்து ஆணை ஒன்றிலிருந்து தொடங்கி எண் போட்டார்கள், கையில் கிடைக்காதவை எண்ணில்லாமல் போயின. தேசியப் பாதுகாப்பு தொடர்பான உத்தரவுகள் வேறு பெயர்களில், வேறு வரிசைகளில் இருக்கின்றன. அவற்றில் பல அரசிதழுக்கே வருவதில்லை. அதோடு, எதிர்வாதம் ஒரு கேள்வியை மட்டும்தான் தீர்க்கிறது. ஆணை என்ன சொல்கிறது என்று கேட்பவருக்கு அரசிதழ் போதும். ஏன் அந்த ஆணை, ஏன் அந்த மாதத்தில் என்று கேட்பவர் வேறு இடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

வேறு இடம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை நம் பக்கத்து வரலாற்றிலிருந்தே காட்டலாம். 1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், பாகிஸ்தான் ராணுவத்தின் நடவடிக்கை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் நிக்சன் பொதுவில் என்ன சொன்னார் என்று ‘பப்ளிக் பேப்பர்ஸ்’ வரிசையின் 1971-ஆம் ஆண்டுத் தொகுதியில் தேடுங்கள். நிவாரண உதவி, அகதிகள் மீது அக்கறை, நிதானம் வேண்டும் என்ற வேண்டுகோள் என்று அடக்கமான வாக்கியங்கள் கிடைக்கும். அடுத்த ஆண்டு பிப்ரவரி 9 அன்று காங்கிரஸுக்கு அனுப்பிய வெளியுறவுக் கொள்கை அறிக்கையில் தெற்காசியாவுக்கென்றே ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. அமெரிக்கா ஓர் அரசியல் தீர்வுக்காகப் பாடுபட்டது என்பது அதன் சாரம். இந்த இரண்டை மட்டும் படித்தவர், எச்சரிக்கையான ஓர் அரசு செல்வாக்கு போதாமல் தோற்றுப்போனது என்ற முடிவுக்கு வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

இப்போது நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் எழுதிய, 1971 ஏப்ரல் 28 தேதியிட்ட குறிப்பாணை ஒன்றைப் பாருங்கள். பாகிஸ்தான் விஷயத்தில் மூன்று வழிகளை அது நிக்சன் முன் வைக்கிறது. மூன்றாவது வழி, பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் பேச்சுவார்த்தை மூலம் ஒரு தீர்வுக்கு வர உதவுவது. நிக்சன் அதைத்தான் ஏற்றுக் கையெழுத்திட்டார். இத்தோடு நின்றால் பொது அறிக்கையின் சாரம் சரியென்றே ஆகும், அரசியல் தீர்வுதான் கொள்கை. ஆனால் அதே தாளில் நிக்சன் தன் கையாலும் ஒரு வரி எழுதினார். எல்லாருக்கும் சொல்வது, இப்போது யாஹ்யாவை நெருக்கக் கூடாது என்பது அதன் பொருள். கூடாது என்று வருகிற சொல்லுக்குக் கீழே மூன்று கோடு. தட்டச்சு ஒன்றைச் சொல்கிறது, பேனா இன்னொன்றைச் சொல்கிறது, கீழே இருந்த அதிகாரிகள் பேனாவைத்தான் பின்பற்றினார்கள். பொது அறிக்கை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, தட்டச்சான வரியை மட்டும் அது உலகுக்குக் காட்டியது. இரண்டையும் ஒரே தாளில் பார்க்காத ஆய்வாளருக்குக் கொள்கை எங்கே இருந்தது என்றே தெரியாது.

அதே ஆண்டு ஜூலை 15 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் சில நிமிடங்களே நீண்ட ஓர் அறிவிப்பைச் செய்தார், தாம் சீனாவுக்குப் போகப் போவதாக. அந்த உரையில் பாகிஸ்தானின் துன்பம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குச் சில நாள் முன்பு கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பெய்ஜிங் போனது பாகிஸ்தான் வழியாக, யாஹ்யாவின் உதவியோடு. ஏப்ரல் தாளில் இருந்த மூன்று கோடுகளுக்குக் காரணங்களில் ஒன்று ஜூலை உரையில் இருக்கிறது. ஜூலை உரைக்குக் கொடுத்த விலை ஏப்ரல் தாளில் இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் அரை உண்மை. நவம்பரில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். நவம்பர் 4 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நிக்சன் அளித்த வரவேற்புரையும் அன்றிரவு விருந்தில் சொன்ன வாழ்த்துரையும் பொதுத் தொகுதியில் அழகாக அச்சாகியிருக்கின்றன. மறுநாள் காலை அதே நிக்சனும் கிஸ்ஸிங்கரும் இந்திராவையும் இந்தியர்களையும் பற்றி என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள் என்பது வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் இருக்கிறது. 2005-இல் அதன் எழுத்து வடிவம் வெளியானபோது கிஸ்ஸிங்கர் வருத்தம் தெரிவிக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. சில பகுதிகளை அப்போது வெட்டியிருந்தார்கள். வரலாற்றாசிரியர் கேரி பாஸ் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், இன்னும் கொச்சையான பகுதிகள் பின்னர் விடுவிக்கப்பட்டு 2020-இல் வெளியே வந்தன. 2005-இல் முடித்த ஆய்வேடும் 2020-க்குப் பிறகு எழுதிய ஆய்வேடும் ஒரே ஒலிநாடாவைப் பற்றி வேறுவேறு விஷயம் சொல்லக்கூடும். ஆவணம் எந்த ஆண்டில் விடுவித்த வடிவத்தில் படிக்கப்பட்டது என்று குறிப்பது அதனால்தான் வெறும் சம்பிரதாயம் அல்ல.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1965–66 வறட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு அமெரிக்கக் கோதுமை வந்தது, அந்த உதவிக்கு வழிசெய்த சட்டமான பி.எல். 480-இன் பெயர் அன்றைய ரேஷன் கடை வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். 1966 மார்ச் 30 அன்று, இந்திரா வாஷிங்டனில் இருந்த வாரத்தில், அதிபர் ஜான்சன் காங்கிரஸுக்கு ஒரு தனிச் செய்தி அனுப்பினார். மேலும் 35 லட்சம் டன் வரை உணவு தானியம் கொடுக்க ஆதரவு வேண்டும், மற்ற நாடுகளும் பங்கெடுக்கவேண்டும் என்று கேட்ட செய்தி. தாராளமும் மனிதநேயமும் நிறைந்த அந்த வாசகத்தை மட்டும் படித்தால் ஜான்சன் ஒரு வள்ளல். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகளில் தெற்காசியாவுக்கான 1964–68 தொகுதியைப் புரட்டினால், தானியத்தை நீண்டகால ஒப்பந்தமாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அளந்துவிட்ட ஓர் அதிபரைப் பார்க்கலாம். இந்தியா தன் விவசாயக் கொள்கையை மாற்றவேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. 1966-இன் பிற்பகுதியில் புதிய ஒதுக்கீட்டையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்.

அந்த விவசாயக் கொள்கை மாற்றத்தில் இந்தியத் தரப்பில் உட்கார்ந்தவர் அன்றைய உணவு, விவசாய அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அவரும் அமெரிக்க விவசாயத் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் செய்துகொண்ட உடன்பாட்டை அன்றைக்கு ஊர் அறிய வெளியிடவில்லை. அதன் அம்சங்கள் இந்தியாவின் சொந்தத் திட்டமாகவே நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டன. இதைச் சொன்னதும் சிலர், பசுமைப் புரட்சியே அமெரிக்கா திணித்தது என்ற முடிவுக்குத் தாவிவிடுவார்கள். அது அவசரம். சுப்பிரமணியம் ரோமுக்குப் போவதற்கு முன்பே விலை ஆதரவு, புதிய விதை, உரம் என்று டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்தவர். ரோம் உடன்பாடு அவருக்கு அமைச்சரவைக்குள் ஒரு பிடிமானத்தைக் கொடுத்தது என்றும் படிக்கலாம், வெளிநாட்டு நிபந்தனை என்றும் படிக்கலாம். எந்த வாசிப்பு சரி என்று வாதிடுவதற்கே உள் ஆவணங்கள் வேண்டும். ஜான்சனின் மார்ச் 30 செய்தியை மட்டும் வைத்திருப்பவருக்கு இப்படியொரு விவாதம் இருக்கிறது என்றே தெரியாது.

சரி, இந்த உள் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? வாஷிங்டன் முதல் கூலிட்ஜ் வரை 23 அதிபர்களின் தாள்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்துவிட்டார்கள். எல்லாம் தப்பிப் பிழைக்கவில்லை. ஹார்டிங் இறந்தபின் அவருடைய மனைவி நிறையத் தாள்களை எரித்துவிட்டார். லிங்கனின் தாள்களை அவருடைய மகன் பூட்டிவைத்தார். மகன் இறந்து 21 ஆண்டு கழித்து, 1947-இல்தான் அவை திறக்கப்பட்டன. அவர்களைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை, ஏனென்றால் அதிபரின் தாள்கள் அவருடைய சொந்தச் சொத்து என்பதே அன்றைய நிலை. ரூஸ்வெல்ட் தன் ஊரான ஹைட் பார்க்கில் நூலகம் கட்டி, 1941-இல் திறந்து, தாள்களை அரசிடம் ஒப்படைத்தார். அந்த முன்மாதிரியில்தான் இண்டிபெண்டன்ஸ், அபிலீன், பாஸ்டன், ஆஸ்டின் என்று அதிபர் நூலகங்கள் ஊர் ஊராகப் பிறந்தன. நிக்சன் விஷயத்தில் இந்த நல்லெண்ண ஏற்பாடு உடைந்தது. அவருடைய ஒலிநாடாக்களையும் தாள்களையும் காப்பாற்ற 1974-இல் காங்கிரஸ் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. 1978-இல் வந்த அதிபர் ஆவணச் சட்டம், 1981 ஜனவரி 20 முதல் உருவாகும் ஆவணங்கள் மக்கள் சொத்து என்று தீர்த்துவைத்தது. பதவி முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யாரும் கேட்கலாம். சில வகைகளை அதிபர் 12 ஆண்டு வரை மூடிவைக்கலாம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆவணங்களைத் திறக்கும் விதியையே அதிபர்கள் தங்கள் ஆணைகளால் மாற்றியிருக்கிறார்கள். 2001 நவம்பரில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இட்ட ஆணை கதவைக் குறுக்கியது, 2009-இல் பதவியேற்ற மறுநாளே ஒபாமா அதை ரத்து செய்தார்.

நூலகத்துக்குள் போனபிறகு தேடுவது வேறு விதம். இணையத் தேடலுக்குப் பழகியவர்களுக்கு முதல் நாள் எரிச்சல்தான் வரும். அங்கே ஆவணங்கள் பொருள்வாரியாக இருக்காது, யாருடைய மேசையிலிருந்து வந்ததோ அந்த அலுவலகத்தின் ஒழுங்கில் இருக்கும். பெட்டி, பெட்டிக்குள் கோப்பு, கோப்புக்குள் தாள். ஆகவே ‘இந்தியா’ என்று தேடுவதைவிட, அந்த வாரம் இந்தியா பற்றி அதிபருக்கு யார் எழுதினார்கள் என்று கேட்பது பலன் தரும். பாதுகாப்பு ஆலோசகரா, விவசாயத் துறைச் செயலரா, உரை எழுதுபவரா? இதற்கு அதிபரின் தினசரி நாட்குறிப்பு பெரிய துணை. அவர் எத்தனை மணிக்கு யாரைப் பார்த்தார், யாரோடு தொலைபேசினார் என்று உதவியாளர்கள் நிமிடக் கணக்கில் எழுதிவைத்தது அது. ஓர் உரையின் தேதியை எடுத்துக்கொண்டு அதற்கு முந்தைய இரண்டு வாரத்தின் நாட்குறிப்பைப் படித்தால், எந்தக் கோப்புகளைக் கேட்கவேண்டும் என்ற பட்டியல் பாதி தயாராகிவிடும். கோப்பைத் திறக்கும்போது நடுவில் ஒரு தனித் தாள் இருக்கும், இன்ன தேதியிட்ட இந்த ஆவணம் இந்தக் காரணத்துக்காக எடுக்கப்பட்டது என்று. பலர் அதைப் புரட்டிவிட்டுப் போவார்கள். நான் அதை முக்கியமான ஆவணமாகவே எண்ணுவேன். எது இருக்கிறது, எதைக் கேட்டு மனுப் போடலாம் என்று அது சொல்கிறது.

எங்கே இருக்கவேண்டுமோ அங்கே ஆவணம் இருக்கும் என்றும் நம்ப முடியாது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ரூஸ்வெல்ட் காங்கிரஸில் வாசித்த பிரதி பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. அவர் திருத்திய வரைவு ஹைட் பார்க்கில் பத்திரமாக இருந்தது, மேடையில் கையில் பிடித்திருந்த தாள்களை மட்டும் காணவில்லை. 1984-இல் அவை தேசிய ஆவணக் காப்பகத்தில், செனட் சபையின் கோப்புகளுக்குள் கிடைத்தன. வாசித்து முடித்தபின் அவர் அங்கேயே விட்டுவிட்டுப் போனதை யாரோ ஓர் ஊழியர் சபைக் கோப்பில் சேர்த்திருக்கிறார். ஐசன்ஹோவர் 1961 ஜனவரி 17 அன்று ராணுவமும் தளவாடத் தொழிலும் கைகோப்பது பற்றி எச்சரித்த விடைபெறும் உரையின் வரைவுகள் சில, உரை எழுதிய மால்கம் மூஸின் குடும்பத்தாரிடமிருந்து 2010-இல்தான் அபிலீன் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த வரைவுகளால்தான் அந்த எச்சரிக்கை கடைசி நேரத்தில் செருகியது அல்ல, மாதக்கணக்கில் வளர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இன்னும் கூர்மையான ஓர் எதிர்வாதம் இருக்கிறது. உள் ஆவணம் மட்டும் உண்மை பேசுமா என்று கேட்கலாம். குறிப்பாணை எழுதும் அதிகாரிக்கு நாளை வரலாற்றாசிரியர் இதைப் படிப்பார் என்று தெரியும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படிதான் எழுதுவார். ஒலிநாடாவும் சுத்தமான சாட்சி அல்ல. எந்தத் தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்வது என்று ஜான்சன் தானே தீர்மானித்தார். நிக்சனின் அறையில் பதிவுக் கருவி இருந்தது நிக்சனுக்குத் தெரியும், 1971-இல் கிஸ்ஸிங்கருக்குத் தெரியாது. ஒருவர் வரலாற்றைப் பார்த்துப் பேசினார், இன்னொருவர் தலைவரைப் பார்த்துப் பேசினார். இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது பொது உரையோடு நின்றுவிடுவதற்கான காரணம் ஆகாது. மாமியாரும் மருமகளும் ஒரே சண்டையைச் சொல்லும்போது இருவரும் தங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள், அதனால் ஒருவரை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத முடியுமா? பொது உரை யாருக்காக அழகுபடுத்தப்பட்டது என்பதும் குறிப்பாணை யாருக்காக அழகுபடுத்தப்பட்டது என்பதும் வேறுவேறு. இரண்டு அழகும் எங்கே பொருந்தவில்லையோ அங்கே தோண்டவேண்டும். நிக்சனின் மூன்று கோடுகள் நமக்கு முக்கியமாவது அவை ரகசியம் என்பதால் அல்ல, அதே தாளின் தட்டச்சோடு அவை பொருந்தாததால்.

கடைசியாக, நடைமுறைக் கேள்வி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து ஆய்வு செய்பவர் ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்துக்கும் யோர்பா லிண்டாவில் உள்ள நிக்சன் நூலகத்துக்கும் போக முடியுமா? விசா, விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் மலைப்புத்தான். காப்பகங்களில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான் ஸ்கேன் ஆகியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் போக முடியாது என்பதற்காக முதல் வகையான பொது உரைகளோடு நின்றுவிடத் தேவையில்லை. வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள், 1861-இல் லிங்கன் காலத்தில் தொடங்கிய வரிசை, அத்துறையின் வரலாற்று அலுவலகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. நிகழ்ந்த முப்பது ஆண்டுக்குள் அவை வெளிவரவேண்டும் என்று 1991-இல் வந்த சட்டமே இருக்கிறது, அது காலம் தவறுகிறது என்பது வேறு கதை. 1971 நெருக்கடிக்கென்றே ஒரு தனித் தொகுதியும், ஒலிநாடா எழுத்துகளோடு மின்வடிவில் மட்டும் வந்த இன்னொரு தொகுதியும் 2005-இல் வெளியாகின. ஏப்ரல் 28 தாளை, அந்தக் கோடுகளைப் பற்றிய அடிக்குறிப்போடு, வீட்டிலிருந்தே படித்துவிடலாம். நிக்சன் நூலகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் சென்டரும் ஒலிநாடாக்களைக் கேட்கவே தருகின்றன. நூலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதினால் ஆவணக் காப்பாளர்கள் பதில் சொல்வார்கள். பெட்டி எண்ணும் கோப்புப் பெயரும் குறித்துக் கேட்டால் பதில் பயனுள்ளதாக இருக்கும், ‘இந்தியா பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்’ என்று கேட்டால் இருக்காது. இந்தத் தொகுதிகளும் தேர்ந்தெடுத்தவையே, தேர்ந்தெடுத்தவர்கள் அமெரிக்க அரசு வரலாற்றாசிரியர்கள் என்பதை மறக்காமல் பயன்படுத்தவேண்டும்.

அமெரிக்க ஆய்வாளரிடம் சாதாரணமாக இல்லாத ஒன்று நம்மவரிடம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1971-இல் இந்திராவுக்கு ஆலோசகராகப் பக்கத்தில் இருந்த பி.என். ஹக்ஸரின் தாள்கள் டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு நூலகம் என்று இருந்து 2023-இல் பிரதமர்கள் நூலகம் என்று பெயர் மாறிய இடம் அது. நவம்பர் 4 சந்திப்பை வெள்ளை மாளிகை எப்படிப் பதிந்தது என்பதை 1971 நெருக்கடித் தொகுதிகளில் படித்துவிட்டு, அதே பயணத்துக்கு டெல்லி எப்படித் தயாரானது என்று ஹக்ஸர் கோப்புகளில் தேடலாம். சென்னையில் இருப்பவர் சென்ட்ரலில் ரயில் ஏறினால் போதும், விசா வேண்டாம். நூலக உறுப்பினர் அனுமதிக்கு மட்டும் உங்கள் நெறியாளரின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.